வினையடி அட்டவணைகள்: தாதுபாடமும் தாதுமாலையும் நன்னூலும்

நன்னூல் தரும் இருபத்துமூன்று வினைப்பகுதிகளை வடமொழித் தாதுபாடத்திற்கு நிகரான தமிழ் அட்டவணை எனக் கொள்வோர் உளர். இக்கொள்கை பொருந்துவதன்று.

பாணினி மரபின் தாதுபாடம் ஏறத்தாழ 2000 வினையடிகளைப் பத்துக் கணங்களாக வகுக்கின்றது. ஒரு வினை எவ்வாறு உருப்பெறும் என்பதைக் கணமே காட்டிவிடும். 'டுக்ருஞ்' என்னும் பாடத்தில் செய்தற்பொருள் தரும் அடி 'க்ரு' மட்டுமே, ஏனையவை குறியீட்டெழுத்துகள். இறுதி ஞகரம் அவ்வினை பரஸ்மைபதம், ஆத்மனேபதம் இரண்டினும் வரும் என அறிவிப்பது.

பர்மாவின் பகானில் அக்கவம்சர் 1154-இல் இயற்றிய சத்தநீதியின் தாதுமாலை, பாலி வினைகளை எட்டுக் கணங்களில் அடக்குகின்றது. (இரு மரபிலும் இறுதிக் கணத்தின் தலைவினை 'சுர்'. திருடுதல் என்னும் பொருளில் மலாக்காக் கடைத்தெருவில் நாம் கேட்கும் மலாய்ச் சொல் 'சூரி' இதற்கு உறவுடையது.) கணத்துள் வினைகளை ஈற்றெழுத்து நோக்கி நிரல்படுத்துவது தாதுமாலையின் முறை. பவணந்தியாரும் ஈற்றெழுத்தையே பற்றினார். ஆயினும் அவரிடம் கணம் இல்லை. அவர் தந்தவை வினைத்தொகுதி அன்று. ஈறு ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி மட்டுமே. புணர்ச்சி கூறவந்த ஆசிரியர்க்கு அதுவே போதுமானது. தாது என்னும் பெயரிலேயே ஒரு படலம் வகுத்த பௌத்தராகிய வீரசோழிய ஆசிரியரின் வழியில் அவர் செல்லவில்லை.

இடர்ப்பாடு வகுப்பறையில்தான் தோன்றுகின்றது. மலாக்காத் தோட்டப்புறத்தில் வழங்கும் மரம் 'சீவு' என்பதை எடுத்துக்கொள்வோம். முற்றியலுகர ஈறாதலின் 'விடு' என்னும் மாதிரியில் அடங்கும். ஆனால் விடு, 'விட்டான்' ஆகும். சீவு, 'சீவினான்' ஆகும். 'பசியாறு' என்பதன் ஆறு குற்றியலுகரம். 'அஃகு' போன்றே 'ஆறினான்' என வருவது தற்செயல் பொருத்தமே, 'நாடு' 'நாடினான்' ஆக, 'போடு' 'போட்டான்' ஆகின்றதே! ரகர ஈற்றில் 'பார்த்தான்' உண்டு, 'சோர்ந்தான்' உண்டு. மலாய்ச் சூழலில் வளரும் மாணவன் இவ்வேறுபாட்டை ஈற்றெழுத்தினின்று அறிய இயலாது.

தமிழுக்குக் கணப்பகுப்பு பிற்காலத்தில் அயலவரால் அமைந்தது. ஜெர்மானியரான கிரவுல் 1855-இல் வெளியிட்ட இலக்கணத்தின் வகுப்புமுறையைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) தழுவி, வினைதோறும் வகுப்பெண் இட்டது. நம் பள்ளி அகராதிகள் அவ்வெண்ணைக் கைவிட்டதற்கு நன்னூலைக் காரணம் காட்டுதல் முறையன்று. நூற்பாவை மனனம் செய்விக்கும் ஆசிரியர், அதனருகே அவ்வகுப்பெண்ணையும் கரும்பலகையில் எழுதலாம்.