பேக்கப் எங்கே இருக்கிறது?

முதுமை என்பது கீறல் விழுந்த டிவிடி. டேவிட் சின்கிளேரின் ‘லைஃப்ஸ்பான்’ புத்தகத்தை ஒரே உவமைக்குள் அடக்கச் சொன்னால் இதைத்தான் சொல்லவேண்டும். பாட்டு முழுசாக உள்ளேதான் இருக்கிறது. மேலே விழுந்த கீறல்களால் பிளேயரால் படிக்க முடியவில்லை. கீறலைத் துடைத்தால் மறுபடி பாடும். மேத்யூ லாப்ளான்ட் உடன் எழுத, 2019-ல் வந்த புத்தகம் இது. சின்கிளேர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். பாட்காஸ்ட் கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் அவர் குரலைக் கடக்காமல் இருந்திருக்க முடியாது. ஐந்து வருடம் கழித்து, 2024-ல், வெங்கி ராமகிருஷ்ணனின் ‘வொய் வி டை’ வந்தது. சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்தவர், ரைபோசோம் ஆய்வுக்காக 2009-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர். இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தேன். ஒரே அறிவியலைப் பற்றிய இரண்டு புத்தகங்கள் இவ்வளவு வேறாக இருக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். டேட்டா தொலைவதும் பேக்கப்பிலிருந்து மீட்பதும் எனக்கு அன்றாட வேலை. அதனால் சின்கிளேரின் உவமை சட்டென்று ஒட்டிக்கொண்டது. அதே காரணத்தால் கொஞ்ச நாளில் உறுத்தவும் ஆரம்பித்தது.

முதலில் அவர் சொல்வதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் செல்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ.தான். கண் செல்லும் கல்லீரல் செல்லும் வேறுவேறாக இருப்பதற்குக் காரணம், எந்த மரபணு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது. டி.என்.ஏ. மேல் ஒட்டிக்கொள்ளும் மெத்தில் குறிகள், டி.என்.ஏ. சுற்றிக்கிடக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் போன்றவை இந்தத் திறப்பு மூடலை நடத்துகின்றன. இந்த மேலடுக்குதான் எபிஜெனோம். டி.என்.ஏ. டிஜிட்டல், அதனால் நீடிக்கும்; எபிஜெனோம் அனலாக், அதனால் தேயும்; தேய்வதுதான் முதுமை என்கிறார் சின்கிளேர். இன்னோர் இடத்தில் ஜெனோம் ஒரு பெரிய பியானோ, எபிஜெனோம் அதை வாசிப்பவர். (டிவிடியா பியானோவா, முடிவு பண்ணுங்க சார் என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.)

இந்த யோசனை அவருக்கு ஈஸ்ட்டில் கிடைத்தது. 1990-களில் எம்.ஐ.டி.யில் லியனார்ட் குவாரன்டேயின் ஆய்வகத்தில் இருந்தார். ஈஸ்ட்டில் சில மரபணுக்களை மூடிவைக்கும் வேலையைச் சர்ட்டுயின் என்ற புரதம் செய்கிறது. குரோமோசோம் எங்காவது உடைந்தால், அது தன் இடத்தை விட்டுவிட்டு அங்கே ஓடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடும் ஆன்-கால் எஞ்சினியர் மாதிரி. அடிக்கடி உடைந்தால் வீடு திரும்புவதே இல்லை. மூடியிருக்கவேண்டியவை திறந்துகொள்கின்றன, செல் தான் யார் என்பதை மறக்கிறது. ஈஸ்ட்டில் கண்ட இதை மனிதன் வரைக்கும் நீட்டுவதுதான் அவருடைய ‘முதுமையின் தகவல் கோட்பாடு’.

இங்கேதான் எழுத்தாளர் சின்கிளேர் விஞ்ஞானி சின்கிளேரை முந்துகிறார். ஆதி உலகத்தில் வாழ்ந்ததாக ஓர் உயிரியைக் கற்பனை செய்து, அதற்கு மேக்னா சூப்பர்ஸ்டெஸ் என்று பெயர் வைத்து, அது பிழைத்த கதையைச் சொல்கிறார். நன்றாகவே இருக்கிறது, ஒரு நல்ல அறிபுனைச் சிறுகதை மாதிரி. ஆனால் சில பக்கங்கள் கழித்து அந்தக் கற்பனை உயிரி சாட்சியாக வந்து நிற்கிறது. தன் அப்பாவைப் பற்றி எழுதும்போதும் இதே உத்தி. மாத்திரைகள் எடுக்கத் தொடங்கிய பிறகு எண்பதை ஒட்டிய வயதில் அவர் மலையேறுகிறார், புது உற்சாகத்தோடு இருக்கிறார். ஒரு மனிதரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சின்கிளேரே சொல்கிறார். சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறார். எச்சரிக்கை மறந்துபோகிறது, அப்பா நினைவில் நிற்கிறார்.

கதையில் அடக்கி வாசிக்கப்படும் பகுதி ஒன்று உண்டு. சிவப்பு ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் சர்ட்டுயினைத் தூண்டி ஈஸ்ட்டின் ஆயுளை நீட்டுகிறது என்று சின்கிளேரின் குழு 2003-ல் அறிவித்தது. அவர் இணைந்து தொடங்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008-ல் கிளாக்சோஸ்மித்க்ளைன் 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2013-ல் அந்த அலுவலகத்தை மூடியது. அமெரிக்க தேசிய முதுமை நிறுவனத்தின் சோதனைத் திட்டத்தில், சாதாரண உணவு சாப்பிட்ட எலிகளுக்கு ரெஸ்வெரட்ரால் ஆயுளை நீட்டவில்லை. சர்ட்டுயின் மிகுந்தால் புழுவும் ஈயும் நெடுநாள் வாழ்கின்றன என்ற பழைய முடிவும், மரபணுப் பின்னணியைச் சமன் செய்து 2011-ல் மறுபடி சோதித்தபோது நிற்கவில்லை. 2019 புத்தகத்திலோ, தினமும் காலையில் ஒரு கிராம் ரெஸ்வெரட்ராலைத் தயிரில் கலந்து சாப்பிடுகிறேன் என்கிறார். கூடவே ஒரு கிராம் என்.எம்.என். நீங்களும் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லைதான். சொல்லத் தேவையும் இல்லை. என் டீமில் முப்பத்து நாலு வயதுப் பையன் ஒருவன் என்.எம்.என். டப்பாவை மேசைமேல் வைத்திருக்கிறான்.

இதற்காக அவரைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. அப்படி எழுதினால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் உண்மையாக இருக்காது. 2006-ல் ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களை முடுக்கிவிட்டு, வளர்ந்த செல்லைக் கருநிலைச் செல் போல ஆக்கிக் காட்டினார், 2012-ல் நோபல். சின்கிளேர் குழுவின் யுவான்செங் லூ, அந்த நான்கில் புற்றுநோயோடு நெருங்கிய தொடர்புள்ள ஒன்றை விட்டுவிட்டு, மற்ற மூன்றை வைரஸ் மூலம் எலியின் கண்ணுக்குள் அனுப்பினார். நசுக்கப்பட்ட பார்வை நரம்பு மறுபடி வளர்ந்தது. குளுக்கோமா எலிகளுக்கும் வயதான எலிகளுக்கும் பார்வை மேம்பட்டது. மெத்தில் குறிகளை நீக்கும் நொதிகளைத் தடுத்தபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில் நேச்சரில் வந்த கட்டுரை இது. எபிஜெனோம் வெறும் ஓடோமீட்டர் என்று சொல்பவர்கள் இந்த முடிவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓடோமீட்டர் என்றதும் ஸ்டீவ் ஹோர்வாத்தின் கடிகாரம் ஞாபகம் வருகிறது. 2013-ல் அவர் சுமார் 8,000 மாதிரிகளை எடுத்து, 353 இடங்களில் மெத்தில் குறிகளை மட்டும் பார்த்து ஒருவரின் வயதைக் கணிக்கும் சூத்திரத்தைத் தந்தார். பல ஆயிரம் பத்திகள் உள்ள அட்டவணையைக் கொடுத்து, வயதோடு சேர்ந்து நகரும் பத்திகளை நீயே பொறுக்கு என்று நிரலிடம் விட்டால் அது பொறுக்கும். ஏன் நகர்கிறது என்று சொல்லாது. எங்கள் தொழிலில் இது தினப்படி அனுபவம்: டாஷ்போர்டில் எண் இறங்கிவிட்டது, சர்வர் அப்படியே திணறுகிறது. “உயிரியல் வயது நான்கு வருடம் குறைந்தது” என்று இன்று விற்கப்படும் அறிக்கைகள் பலவும் இந்த வகைக் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுபவை. எலியின் கண் வேறு. அங்கே கடிகாரத்தோடு பார்வையும் அளக்கப்பட்டது.

சரி, பேக்கப்புக்கு வருவோம். சின்கிளேர் கிளாட் ஷானனை அழைத்து வருகிறார். 1948-ல் வந்த ஷானனின் தகவல் கோட்பாட்டுக் கட்டுரையில் ஒரு ‘பார்வையாளர்’ உண்டு. அனுப்பியதையும் பார்க்கிறார், போய்ச் சேர்ந்ததையும் பார்க்கிறார். எங்கே தப்பு என்று தனி வழியில் தகவல் அனுப்புகிறார். மூலத்தைப் பார்த்த ஒருவர் இல்லாமல் இந்தத் திருத்தம் நடக்காது. உடம்பில் அந்தப் பார்வையாளர் யார்? இளமையின் மூலப்பிரதி எந்த மூலக்கூறில் இருக்கிறது? அது எங்கே என்று இன்னும் தெரியாது என்பதைச் சின்கிளேர் ஒளிப்பதில்லை. ஆனால் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. செல்கள் இளமைக்குத் திரும்புகின்றனவே, பேக்கப் இல்லாமல் எப்படித் திரும்பும் என்பது வாதம்.

திரும்பலாம். பேக்கப்பை ரெஸ்டோர் செய்வதும், மூல நிரலிலிருந்து மறுபடி பில்ட் செய்வதும் ஒன்றில்லை. இரண்டுக்குப் பிறகும் மென்பொருள் புதுசாக ஓடும். முதலாவதில் உங்கள் கோப்புகள் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. ஒவ்வொரு கருவும் இரண்டாவது வகை. நாற்பது வயது அப்பா அம்மாவுக்குப் பிறக்கும் குழந்தை பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குகிறது, பெற்றோர் கற்ற எதுவும் அதற்கு வராது. யமனாகா மரபணுக்கள் செல்லைத் தள்ளுவது இந்தப் பாதையில்தான். 2013-ல் உயிருள்ள எலிகளில் நான்கையும் முடுக்கியபோது பல உறுப்புகளில் டெரட்டோமா கட்டிகள் வந்தன. செல்கள் தாம் எந்த உறுப்பு என்பதையே மறந்துவிட்டன. 2016-ல் இஸ்பிசுவா பெல்மோன்டே குழு விட்டுவிட்டு, குறுகிய நேரம் மட்டும் முடுக்கியது. விரைமுதுமை எலிகளின் ஆயுள் நீண்டது. ஆக, எவ்வளவு தூரம் பின்னால் போனால் இளமை வரும், எந்தப் புள்ளி தாண்டினால் அடையாளம் போகும் என்பதுதான் கேள்வியே. டிவிடி உவமையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. கீறலைத் துடைப்பதால் எந்தப் பாட்டும் அழிவதில்லை.

இதைவிட எளிய உதாரணம் அதே கண்ணில் இருக்கிறது. விழிலென்ஸின் மையத்தில் உள்ள செல்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை. அவற்றில் உட்கரு கிடையாது, எனவே டி.என்.ஏ.வும் கிடையாது. அங்குள்ள புரதங்கள் ஆயுள் முழுக்க மாற்றப்படுவதில்லை. மெல்லக் கெட்டு, திரண்டு, புரை விழுகிறது. எந்த எபிஜெனோமை ரீசெட் செய்வது? அதனால்தான் டாக்டர்கள் அதைப் பிடுங்கிவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். விழித்திரையில் தகவல் பிரச்சினையாக இருக்கும் முதுமை, அதற்குச் சற்று முன்னே உள்ள லென்ஸில் வெறும் பொருள் தேய்மானமாக இருக்கிறது.

வெங்கியின் புத்தகம் இந்தப் பன்மையை ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது. முதுமையின் அடையாளங்கள் என்று 2013-ல் லோபஸ்-ஓட்டினும் சகாக்களும் ஒன்பதைப் பட்டியலிட்டார்கள். 2023-ல் அது பன்னிரண்டானது. பன்னிரண்டு டிக்கெட் திறந்துகிடக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே மூலகாரணம் என்று ஒருவர் மீட்டிங்கில் எழுந்து சொன்னால் அறையே அவரை நேசிக்கும். வெங்கி அந்த மாதிரி ஆள் இல்லை. முதுமை ஆய்வில் தனக்கு ஆய்வகமும் இல்லை, லாபமும் இல்லை என்ற நிலையிலிருந்து எழுதுகிறார். ராபமைசின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்த பொருள். நிறுவனம் ஆர்வம் இழந்தபோது சுரேன் சேகல் அந்த நுண்ணுயிரியைத் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். 2009-ல், 600 நாள் வயதான, அதாவது நம் கணக்கில் அறுபதை ஒட்டிய எலிகளுக்குக் கொடுத்தபோதும் ஆயுள் நீண்டது. மருந்து முதலில் பயன்பட்டதோ மாற்று உறுப்பு பெற்றவர்களின் நோய் எதிர்ப்பை அடக்குவதற்கு. நீளும் ஆயுளுக்கு உடம்பு வேறெங்கோ விலை கொடுக்கிறது என்பதை வெங்கி ஒவ்வொரு அத்தியாயத்திலும் கேட்கிறார்.

குறை இல்லையா? இருக்கிறது. அத்தியாயங்கள் சில நல்ல பாடநூல் போல நகர்கின்றன. புரதங்கள் பற்றி எழுதும்போது வரும் உயிர் மற்ற இடங்களில் வருவதில்லை. சின்கிளேரை ஒரே மூச்சில் படித்தேன், வெங்கியை மூன்று வாரம் படித்தேன்.

என்னைத் தொந்தரவு செய்வது ‘லைஃப்ஸ்பான்’ திரும்பத் திரும்பச் சொல்லும் இன்னொரு வாக்கியம்: முதுமை ஒரு நோய். ஒழுங்குமுறை அமைப்புகள் நோய்க்குத்தான் மருந்தை அனுமதிக்கும் என்பதால் இந்தப் பெயர் மாற்றத்துக்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் சொல் ஆய்வகத்தோடு நிற்பதில்லை. முதுமை சரிசெய்யக்கூடிய பிழை என்றால், கிழவர்கள் அப்டேட் போடாதவர்கள் ஆகிறார்கள். எழுபது வயதில் மூட்டு வலிக்கிறது என்பவரைப் பார்த்து, முப்பதிலேயே ஏன் கவனிக்கவில்லை என்று கேட்கும் குரல் அந்த பாட்காஸ்ட்களில் ஏற்கெனவே கேட்கிறது.

ஆனாலும் சின்கிளேரின் முன்னுரைக்கு நான் திரும்பிப் போகிறேன். அவருடைய அம்மாவுக்கு ஒரு நுரையீரல் அகற்றப்பட்டது. அதன்பின் பல வருடம் ஒற்றை நுரையீரலோடு வாழ்ந்தார். கடைசி நிமிடங்களில் மூச்சுக்கு அவர் பட்ட பாட்டை மகன் அலங்காரமில்லாமல் எழுதுகிறார். சாவு இப்படித்தான் இருக்கும் என்று யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்ற கோபம் அதில் இருக்கிறது. ஜெனோம், ஷானன், பியானோ எதுவும் அந்தப் பக்கங்களில் வருவதில்லை. புத்தகக் கடையில் கையில் எடுத்தால் நின்றபடியே படித்துவிடலாம், நாலைந்து பக்கம்தான்.