தேவிகுளம் 1958: ஓர் இடைத்தேர்தலின் எடை

ஆனைக்கரை, குமுளி, மூணாறு என நீளும் இடுக்கி மலைகளில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் ஓட்டைக் கேட்டு ஒரு மாநில அரசே மலையேறி வந்தது 1958 மே மாதத்தில். தேவிகுளம் இடைத்தேர்தலைக் கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர் பாவலர் வரதராஜனின் பாட்டுக்காகவே பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த இடைத்தேர்தல் எப்படி வந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

1957 பொதுத்தேர்தலில் இங்கே கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். ஒரு வேட்புமனு தவறாகத் தள்ளப்பட்டது என்று அந்த வெற்றி செல்லாததாயிற்று. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதில் கறாரானது. ஏற்கக்கூடாத மனுவை ஏற்றிருந்தால், அது முடிவைப் பாதித்ததா என்று பார்க்க வேண்டும். தள்ளக்கூடாத மனுவைத் தள்ளியிருந்தால் அந்த விசாரிப்பே கிடையாது, தேர்தல் ரத்து. நியாயம்தான். களத்திலேயே இறங்கவிடாத ஒருவருக்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கும் என்று யார் கணக்கிடுவது? அதிகாரி செய்த பிழைக்கு ஜெயித்தவர் தண்டம் கட்டுகிறார் என்பது இதன் குறை. ஆனால் இதைவிட அற்பக் காரணங்களுக்கும் இடைத்தேர்தல் வந்ததுண்டு: பிரிட்டனில் 1926 வரை அமைச்சரானாலே பெரும்பாலும் மறுபடி மக்களிடம் போகவேண்டியிருந்தது. 1908-இல் சர்ச்சில் அப்படிப் போய் மான்செஸ்டரில் தோற்று, டண்டி தொகுதிக்கு ஓடினார். அந்த வீம்புச் சடங்கைவிட தேவிகுளத்தின் காரணம் எவ்வளவோ மேல்.

ஆனால் பிரசாரம் தொடங்கியதும் காரணம் மறந்துபோயிற்று. 1957-இல் கேரளச் சட்டமன்றத்துக்கு வென்றவர்கள் 126 பேர், முதல்வர் ஈ.எம்.எஸ். அமைச்சரவைக்குச் சுயேச்சைகளையும் சேர்த்து 65 பேர். ஓர் இடம் போனால் ஆட்சி கவிழாது, மூச்சு வாங்கும். எனவே கேள்வி 'கம்யூனிஸ்ட் ஆட்சி வேண்டுமா' என்றாகிவிட்டது. இடைத்தேர்தலின் வலிமையும் இதுவே: யாரும் எட்டிப்பார்க்காத தொழிலாளர் குடியிருப்பு லயங்களுக்குத் தலைவர்கள் வந்தார்கள், மேடையில் தமிழ் ஒலித்தது. இரண்டாண்டுக்கு முன் இந்த மலைகளைக் கேரளத்தில் சேர்த்தபோது இவர்களிடம் யாரும் ஓட்டெடுக்கவில்லை என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். ரோசம்மா ஏழாயிரத்துக்கும் கூடுதலான வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். பாவலர் பாட்டே ஜெயிக்க வைத்தது என்பார்கள். தொழிற்சங்கக்காரர்கள் கால்நடையாய்ச் செய்த உழைப்பை அந்தப் பேச்சு மறைத்துவிடுகிறது.

குறை தேர்தலுக்குப் பின் தெரிந்தது. ஆட்சியைப் பற்றிய கேள்விக்குத் தொழிலாளர்கள் பதில் சொன்னார்கள். கூலியைப் பற்றி அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் ஏற்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மூணாறு தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அவர்கள் ஓட்டுப் போட்ட அரசின் போலீஸே சுட்டது, இருவர் இறந்தார்கள். அதற்கு ஓட்டால் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு 1960 பொதுத்தேர்தலில்தான் வந்தது. அதற்குள் மத்திய அரசு ஆட்சியைக் கலைத்திருந்தது. ஊர் முழுக்கப் பேச்சு அந்தக் கலைப்பைப் பற்றியே இருந்தது.