வழுவும் அமைதியும்: ஆங்கில நீர்வண்ண மரபில் இயற்கையும் விளையாட்டுக் கற்பனையும்

இயற்கையை உள்ளபடி வரைவது ஒரு தொழில், அதை வைத்து விளையாடுவது வேறொரு தொழில் என்ற எண்ணம் ஓவியம் பற்றிய எழுத்துகளில் நெடுங்காலமாக ஊன்றியிருப்பதால், தாவரவியல் படங்கள் அறிவியல் அலமாரிக்கும் சட்டை அணிந்த முயல்கள் குழந்தைகள் அலமாரிக்கும் பிரிந்து போயின. ஆனால் 1830 முதல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இங்கிலாந்தில் நீர்வண்ணத்தில், அதாவது நீரில் கரைத்த நிறத்தைத் தாளின் மீது மெல்லிய படலமாகப் பரப்பித் தாளின் வெண்மையே உள்ளிருந்து ஒளிரும்படி வரையும் முறையில், உழைத்த சிலரின் படங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது இந்தப் பிரிவினை நிலைக்கவில்லை. ஒரே கை, பல வேளைகளில் ஒரே வாரத்தில், இரண்டையும் செய்திருக்கிறது.

இவ்வகை ஓவியங்களின் இயல்பை விளக்கத் தமிழ் இலக்கணத்தில் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது வழு; ஆயினும் உவப்பு முதலிய காரணம் பற்றி அவ்வாறு சொல்வதை நன்னூல் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. பசுவை அம்மை வந்தாள் என்று சொல்வது இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. இங்கே கவனிக்க வேண்டியது, வழு ஓரிடத்தில் மட்டுமே நிகழ்கிறது என்பதாகும். திணை மாறிய பின்னும் எழுவாயும் பயனிலையும் இயைந்தே நிற்கின்றன, வாக்கியத்தின் மற்ற உறுப்புகள் எதுவும் குலைவதில்லை. விளையாட்டுக் கற்பனை ஓவியமும் இப்படித்தான் இயங்குகிறது: ஓவியர் ஒன்றை மாற்றுகிறார், மற்றவற்றை மாற்றாமல் காக்கிறார். அந்தக் காவல் எவ்வளவு கடுமையானதோ அவ்வளவுக்கு விளையாட்டு நம்பத்தக்கதாகிறது. எதை மாற்றுவது, எதைக் காப்பது என்ற தெரிவில்தான் இவ்வோவியர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுகின்றனர்.

வரிசையில் முதலில் வைக்கத்தக்கவர் எட்வர்ட் லியர் (1812–1888). அபத்தப் பாக்களின் ஆசிரியராகவே பெரிதும் அறியப்பட்ட இவர், தொழிலைத் தொடங்கியது பறவை ஓவியராக. பதினெட்டாம் வயதில், லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவின் விலங்குக் காட்சிச்சாலையில் கிளிகளை வரையத் தொடங்கி, 1830 முதல் 1832 வரை பகுதி பகுதியாகக் கிளிக் குடும்பம் பற்றிய பெரிய அளவுப் படத்தொகுதி ஒன்றை 42 படங்களுடன் வெளியிட்டார். பாடம் செய்த உடலை மாதிரியாக வைத்து வரைவதே அன்று பரவலாக இருந்த முறை. லியரோ உயிருள்ள பறவையைக் காப்பாளர் பிடித்துக்கொள்ள, சிறகையும் காலையும் அளந்து குறித்துக்கொண்டு வரைந்தார். பின்னர் படத்தைக் கல்லச்சில், அதாவது சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள எழுதுகோலால் நேரடியாக வரைந்து அதிலிருந்து படி எடுக்கும் முறையில், தாமே கல்லின் மேல் வரைந்தார். செதுக்குபவர் ஒருவர் இடையில் நுழையாததால் இறகின் மென்மை கெடாமல் தாளுக்கு வந்தது. அச்சான படிகளுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது.

நீல மஞ்சள் பஞ்சவர்ணக்கிளி ஒன்றின் ஆய்வு வரைவைச் சுற்றி, அதை வேடிக்கை பார்க்க வந்து நின்ற மனிதர்களின் முகங்களை லியர் கேலிச் சித்திரமாகக் கிறுக்கி வைத்திருக்கிறார். அந்தத் தாளில் கிளி கண்ணியத்துடன் அமர்ந்திருக்க, விந்தைப் பிராணிகளாகத் தோற்றமளிப்பவர்கள் பார்வையாளர்களே. பின்னாளைய அபத்தப் படங்களின் விதை இங்கேயே விழுந்துவிட்டது என்று கொள்வதில் தவறில்லை. 1846-இல் வந்த அவரது அபத்த நூலின் மனிதர்களுக்கு மூக்கு அலகாகவும் கைகள் சிறகாகவும் நீள்வது தற்செயலன்று. அதைவிடக் கூர்மையான சான்று 1870-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட அபத்தத் தாவரவியல் படங்கள். காம்பிலிருந்து மணிப்பூக்களைப் போலத் தலைகீழாக மனிதர்கள் தொங்கும் செடிக்கு மெனிபீப்ளியா அப்சைடௌனியா என்று அவர் இட்ட பெயர், லின்னேயஸ் வகுத்த இருசொற் பெயரிடும் முறைக்கு முழுக்க அடங்கி நடக்கிறது. பேரினம், சிற்றினம், தண்டு, இலையடுக்கு எல்லாம் முறைப்படி இருக்க, பூ மட்டும் பொய். அறிவியலின் இலக்கணத்தைக் காத்துப் பொருளை மாற்றுவது லியரின் வழி.

பார்வை நலிந்ததால் நுணுக்கமான பறவை ஓவியத்தை விட்டு நிலக்காட்சிக்கு மாறிய பின்னும் இந்தக் குணம் அவரை விடவில்லை. 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கி, 1875 ஜனவரி வரை வடஇந்தியா, தென்னிந்தியா, இலங்கை எனச் சுற்றிய பயணத்திலும் அவர் கையாண்டது நெடுநாள் பழகிய முறையே: இடத்திலேயே பென்சிலால் விரைந்து கோட்டுருவம் எடுப்பது, எந்தப் பகுதிக்கு எந்த நிறம் என்பதைச் சொல்லாகவே அந்தந்த இடத்தில் எழுதிவிடுவது, தங்குமிடம் திரும்பிய பின் கோடுகளை மையால் உறுதி செய்து நீர்வண்ணம் ஏற்றுவது. அந்த நிறக்குறிப்புகளுக்கு நடுவே வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதிய சொற்களும் சிறு பகடிகளும் கிடப்பதுண்டு. துல்லியமான குறிப்பும் குறும்பும் ஒரே பென்சிலின் வேலை.

ஆர்தர் ராக்கம் (1867–1939) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் அவரது புகழ் அவரது உற்றுநோக்கலைக் காட்டிலும் பெரிது. 1906-இல் கென்சிங்டன் தோட்டத்துப் பீட்டர் பான் கதைக்கு அவர் வரைந்த 50 வண்ணப் படங்களில் மரங்களின் கணுவும் வேரும் முகமாகவும் விரலாகவும் திரிகின்றன. பென்சில் வரைவின் மேல் கறுப்பு மைக்கோடு, கோடு காய்ந்ததும் பென்சிலை அழித்துவிட்டு, நீர்த்த நிறத்தைப் படலம் படலமாக ஏற்றுதல் என்பது அவரது முறை. அன்றைய மூவண்ண அச்சு, அதாவது படத்தை நிறவடிகட்டிகள் வழியே மூன்று முறை ஒளிப்படம் எடுத்து மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அச்சுக்கட்டை செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை, நிறங்களைச் சற்றே மங்கச் செய்தது. ராக்கமின் பழுப்பும் சாம்பலும் அந்த மங்கலைக் குறையாக விடாமல் அழகாக மாற்றிக்கொண்டன, அவரது அழுத்தமான மைக்கோடு உருவத்தைச் சிதையாமல் பிடித்து நிறுத்தியது. எனினும் அவரது மரங்கள் பெரும்பாலும் எந்த மரம் என்று அடையாளம் சொல்ல முடியாதவை. மரத்தின் பாவனையைக் காக்கிறார், இனத்தைக் காக்கவில்லை. அவரது படங்கள் மருட்டுகின்றன, நம்பவைப்பது குறைவு.

இதற்கு நேரெதிர்க் கோடியில் நிற்பவர், காலத்தால் பிந்திய சிசிலி மேரி பார்க்கர் (1895–1973). லண்டனை ஒட்டிய குரோய்டனில் பிறந்து, வலிப்பு நோயால் பள்ளிக்குச் செல்ல இயலாமல் அஞ்சல் வழி ஓவியம் கற்ற இவரது வசந்த கால மலர்த் தேவதைகள் நூல் 1923-இல் வெளிவந்தது. அதன் 24 படங்களுக்காக அவர் பெற்ற தொகை 25 பவுண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு செடியும் அதற்குரிய தேவதைக் குழந்தையும் இருக்க, குழந்தையின் ஆடை அந்தப் பூவின் இதழையோ இலையையோ கனியையோ ஒத்திருக்கும். தேவதைகளுக்கு மாதிரியானவர்கள், தமக்கை டோரதி வீட்டிலேயே நடத்திய மழலையர் பள்ளியின் குழந்தைகள். பூவின் நிறத்துக்கும் வடிவுக்கும் ஏற்ற துணியில் ஆடை தைத்து, குச்சியிலும் மெல்லிய துணியிலும் சிறகு கட்டி, குழந்தையின் கையில் அந்தச் செடியையே கொடுத்து நிறுத்தி வரைந்தார். செடி பற்றிய ஐயத்துக்குக் கியூ தாவரவியல் தோட்டத்தாரின் உதவியும் கிடைத்தது. தாவரங்களை மெய்யானவற்றைப் பார்த்தே வரைந்ததாகவும், தேவதை எதையும் தாம் கண்டதில்லை என்றும் அவரே ஒரு முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த நேர்மை அவரது முறையை முழுவதும் விளக்குகிறது. செடியில் பொய் இல்லை, குழந்தையிலும் பொய் இல்லை. மாறியது இரண்டுக்கும் இடையிலான அளவு மட்டுமே. குழந்தை பூவின் உயரத்துக்குச் சுருங்கியதும் வேலியோரக் களைச்செடி மரத்தின் பெருமிதத்தோடு நிமிர்கிறது. படங்களில் தித்திப்பு சற்றுத் தூக்கல்தான் என்றாலும், களைச்செடிகளின் பெயர் அறிய அவற்றை ஒருவர் வயலுக்கு எடுத்துச் செல்லலாம்.

இம்மரபு தன் முழு ஆற்றலை அடைவது பீட்ரிக்ஸ் பாட்டரிடம் (1866–1943). லண்டனின் சவுத் கென்சிங்டன் பகுதியில் வசதியான வீட்டின் மேல்மாடியில், பள்ளிக்கு அனுப்பப்படாமல் வளர்ந்த அவரும் தம்பி பெர்ட்ராமும் முயல், எலி, முள்ளெலி, வௌவால், தவளை, பல்லி எனப் பலவற்றை வளர்த்தனர். இறந்தவற்றின் சதையை வேகவைத்து நீக்கி எலும்புக்கூட்டைப் பார்த்து வரைந்தனர். தந்தை ரூப்பர்ட் பாட்டர் ஒளிப்படம் எடுப்பதில் ஈடுபாடு கொண்டவர், ஓவியர் ஜான் மில்லேயின் நண்பர். இயற்கையை விலக்கின்றி உற்றுநோக்கி வரைய வேண்டும் என்ற கொள்கையுடன் 1848-இல் தொடங்கிய முன்ரஃபேலிய ஓவியர் குழுவின் நிறுவனர்களுள் ஒருவரான மில்லே, வரையத் தெரிந்தவர் பலர் உண்டு, உற்றுநோக்கத் தெரிந்தவள் நீ என்ற கருத்துப்படத் தம்மிடம் சொன்னதைப் பாட்டர் குறித்து வைத்திருக்கிறார்.

அந்தக் கண் முதலில் சென்றது காளான்களிடம். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷையரில் கிராமத் தபால்காரராக இருந்த சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற இயற்கையறிஞரின் வழிகாட்டலில், காளானின் முழு உருவம், குடையின் அடியிலுள்ள செவுளடுக்கு, நெடுக்குவெட்டு ஆகியவற்றை ஒரே தாளில் தனித்தனியே காட்டக் கற்றார். நுண்ணோக்கியில் ஸ்போர் எனப்படும் நுண்வித்துகள் முளைப்பதைக் கண்டு அவர் எழுதிய கட்டுரை 1897 ஏப்ரல் 1 அன்று லின்னேயன் கழகத்தில் முன்வைக்கப்பட்டபோது, பெண்களுக்கு அங்கு அனுமதி இல்லாமையால் கியூ தோட்டத்து அறிஞர் ஜார்ஜ் மாசி அதைக் கொண்டு சென்றார்; பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது, அதன் படி இன்று கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, 1893 செப்டம்பர் 3 அன்று அதே பெர்த்ஷையரின் டன்கெல்டில், தேவதாருக் காய் போன்ற செதில்கள் கொண்ட அரிய காளான் ஒன்றை அவர் வரைந்தார். மறுநாள் அதே ஊரிலிருந்து, தம் பழைய ஆசிரியையின் நோயுற்ற மகனான நோயல் மூருக்கு எழுதிய படக்கடிதத்தில் பீட்டர் முயல் பிறந்தது. இரு தாள்களையும் அருகருகே வைப்பவருக்கு இந்த மரபு பற்றி வேறு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

அந்தக் கடிதம் நூலாக எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பதிப்பாளர்கள் மறுத்த நிலையில் 1901 டிசம்பரில் 250 படிகளைத் தம் செலவில், உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்களுடன் அச்சிட்ட பாட்டர், மூவண்ண அச்சுக்கு ஏற்ப எல்லாப் படங்களையும் வண்ணத்தில் மீண்டும் வரைந்து தர, ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் 1902 அக்டோபரில் அதை வெளியிட்டது. குழந்தையின் கைக்கு அடங்கும் சிறிய அளவு வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

கதையில் பீட்டரின் உடல் நடந்துகொள்ளும் விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. பித்தளைப் பொத்தான் வைத்த நீலச் சட்டை மேலிருக்கும் வரை அவன் இரு காலில் நடக்கிறான். காலணிகள் கழன்றதும் நான்கு காலில் ஓடத் தொடங்குகிறான், கூஸ்பெரிச் செடியின் வலையில் பொத்தான் சிக்கிச் சட்டையும் போனதும் முழுமையான முயலாகிவிடுகிறது. தமிழில் இந்த வாக்கியத்தை எழுதும்போதே வினைமுற்று திணை மாறிக் கொள்வதைத் தடுக்க முடியவில்லை. இந்தத் தாவல் இடறாமல் நிகழ்வதற்குக் காரணம், சட்டைக்கு அடியில் இருந்த முதுகெலும்பும் தொடையும் தொடக்கத்திலிருந்தே முயலுடையவையாக இருந்ததுதான். பெஞ்சமின் பௌன்சர் என்ற வளர்ப்பு முயலின் தலையை ஒரே தாளில் பல கோணங்களில் திரும்பத் திரும்ப வரைந்த பயிற்சி இதற்குப் பின்னால் இருக்கிறது.

மற்ற நூல்களிலும் செயல்முறை ஏறத்தாழ இதுவே. பின்னணியை ஒருபுறமும் விலங்கை மறுபுறமும் ஆய்ந்து வரைந்து பின் இணைப்பார்: 1903 கோடையில் ஏரி மாவட்டத்தின் டெர்வென்ட்வாட்டர் கரையிலுள்ள ஃபா பார்க் தோட்டத்தில் நிரப்பிய வரைவேடு, 1904-இல் வந்த பெஞ்சமின் பன்னி கதையின் களமாயிற்று. 1903-இல் வந்த குளோஸ்டர் தையற்காரர் கதையின் எலிகள் தைக்கும் சட்டையின் பூவேலை, சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் இருந்த பதினெட்டாம் நூற்றாண்டு உடைகளைப் பார்த்து வரைந்தது. மயிர்ப்பரப்புக்கு உலர்தூரிகை முறையை, அதாவது நீரை வடித்துவிட்ட தூரிகை நுனியால் மெல்லிய கோடுகளை அடுக்கும் முறையைக் கையாண்டார். முள்ளெலிச் சலவைக்காரி டிக்கி-விங்கிளுக்கு மாதிரியான வளர்ப்பு முள்ளெலி மடியில் உறங்கச் சம்மதித்ததே தவிர, நிமிர்த்தி நிறுத்தினால் சிறிது நேரத்தில் கொட்டாவி விட்டுக் கடிக்கத் தொடங்கியது. ஆகவே ஆடைகளை ஒரு பொம்மைக்கு உடுத்தி வரைய வேண்டியிருந்தது.

உடலை அறிந்த அளவுக்கே விளையாட்டு நம்பத்தக்கதாகிறது என்பதை அவர் தோற்ற இடமும் உறுதிப்படுத்துகிறது. பாட்டரின் மனிதர்கள் விறைத்தவர்கள். பீட்டர் கதையின் தோட்டக்காரர் மக்ரெகருக்கு உயிரூட்ட அவர் பட்ட பாடு படத்திலேயே தெரிகிறது. முயலின் எலும்பை அறிந்த அளவுக்கு மனித எலும்பை அவர் அறியவில்லை. மனித உடலை முறையாகப் பயில அன்றைய வசதியான வீட்டுப் பெண்ணுக்கு வாய்ப்பு எளிதில் கிடைப்பதாகவும் இல்லை.

1905-இல் நியர் சாவ்ரி ஊரில் ஹில் டாப் பண்ணையை வாங்கிய பின், பாட்டரின் கவனம் படிப்படியாக நிலத்துக்கும் ஹெர்ட்விக் இன ஆடுகளுக்கும் சென்றது. 1913-இல் வில்லியம் ஹீலிஸை மணந்த பிறகு வந்த நூல்கள் சில, அவற்றிலும் பழைய வரைவுகள் மறுபயன் பெற்றன. காளான் படங்கள் ஆம்பிள்சைடிலுள்ள ஆர்மிட் நூலகத்துக்குச் சென்று நெடுங்காலம் பெட்டியில் கிடந்தன. அவர் மறைந்து 24 ஆண்டுகள் கழித்து, 1967-இல், பூஞ்சையியலாளர் ஃபிண்ட்லே பாதையோர, வனக் காளான்கள் பற்றிய கையேடு ஒன்றை வெளியிட்டபோது, காளானை இனம் காண்பதற்கு உதவும் படங்களாக அவற்றிலிருந்து 59-ஐ எடுத்துச் சேர்த்தார்.