கொழுந்து நிறுவையும் வரிசைச் சோதனையும்

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கின் அடியில் காய்கறித் தோட்டங்கள் பரந்து கிடக்க, கேமரன் மலையின் சரிவுகளில் தேயிலை நிற்கிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய காலந்தொட்டு இம்மலையில் எத்தனையோ மாறிவிட்டன. கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் வழக்கம் மாறவில்லை. இன்ன குழு நன்றாகப் பறிக்கிறது, இன்ன குழு பின்தங்குகிறது என்னும் தீர்ப்பு அக்கணக்கின் சராசரியைப் பார்த்தே பெரும்பாலும் பிறக்கிறது. குழு சிறிதானால் இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் செல்லும்? அறிஞர் சிலர் சராசரிக்கு மாற்றாக எடுத்துக்காட்டும் வரிசைச் சோதனைதான் எவ்வளவு தூரம் செல்லும்?

விளக்கத்திற்காக நாமே சில எண்களை அமைத்துக்கொள்வோம். கீழ்ச் சரிவில் ஐவர், மேட்டில் வேறு ஐவர். கீழ்ச் சரிவினர் ஒரு நாளில் பறித்தவை 24, 25, 27, 28, 61 கிலோ. மேட்டினர் பறித்தவை 29, 30, 31, 32, 33 கிலோ. முதற் குழுவின் சராசரி 33. இரண்டாவதன் சராசரி 31. ஆகவே கீழ்ச் சரிவே சிறந்தது என்று கிராணியார் எழுதிவிடலாம். ஆயின் அங்குள்ள நால்வர் மேட்டினர் அனைவரையும் விடக் குறைவாகவே பறித்திருக்கின்றனர்! 33 கிலோவை நாளைய இலக்காக வைத்துவிட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் தவறியவராகின்றனர். ஒருவருடைய கூடை ஒன்பது பேருடைய கணக்கைக் கெடுத்தது என்க.

வரிசைச் சோதனை கிலோவைப் பார்ப்பதில்லை. யார் முன், யார் பின் என்பதையே பார்க்கிறது. மேட்டினர் ஒவ்வொருவரையும் கீழ்ச் சரிவினர் ஒவ்வொருவரோடும் இணை சேர்த்தால் 25 இணைகள் ஆகும். அவற்றுள் மேட்டினர் வெல்வன 20, தோற்பன 5. பத்து ஆட்களை ஐந்தைந்தாகப் பிரிக்க 252 வழிகள் உண்டு. இரு குழுவுக்கும் உண்மையில் வேறுபாடு இல்லையென்று கொண்டால் அத்தனை வழிகளும் சம வாய்ப்புடையவை. இருபதுக்கு ஐந்து என்ற அளவிலோ அதனினும் ஒருதலையாகவோ, எந்தப் பக்கமேனும் அமையும் வழிகள் 38. நூற்றுக்கு ஏறத்தாழ 15. தற்செயலாகவே இப்படி நேர்ந்திருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட இயலாத அளவு இது. நூற்றுக்கு 5க்கு உட்பட்டாலன்றி வேறுபாடு உண்டென்று சொல்லாதது ஆராய்ச்சியாளர் வழக்கம். சராசரி துணிந்து ஒரு பக்கம் சாய்ந்தது. வரிசை மறுபக்கம் சாய்ந்தும் தீர்ப்பளிக்க மறுக்கிறது. எனக்கு இம்மறுப்பே நேர்மையாகப் படுகிறது.

இம்முறையை 1945இல் நான்கு பக்கக் கட்டுரையொன்றில் வெளியிட்டவர் பிராங்க் வில்காக்சன். அவர் கணித ஆசிரியர் அல்லர். பூச்சிக்கொல்லி ஆய்வில் ஈடுபட்ட வேதியியலார். ஈக்கொல்லி மருந்துகள் இரண்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். குழுக்கள் சம அளவில் இருந்தாலன்றி அவருடைய அட்டவணை உதவாது. 1947இல் மானும் விட்னியும் அக்குறையைப் போக்கினர். இருவகைக் கோப்பைகளுக்கு வேறுபாடு தெரியுமா என்று பிஷர் 1935இல் தம் நூலில் எழுதிய தேநீர்ச் சோதனையும் இதற்கு உறவுதான். பால் முன் ஊற்றியவை நான்கு, தேநீர் முன் ஊற்றியவை நான்கு. எட்டையும் சரியாகப் பிரித்தறிவது தற்செயலாக நேர்வது 70இல் ஒரு தடவை. நால்வர்க்கு நால்வர் வரிசைச் சோதனையிலும் அதே 70தான் வருகிறது.

இனி குறை. “இம்முறைக்கு எந்த நிபந்தனையும் வேண்டா” என்று சிலர் புகழ்கின்றனர். அது மிகை. எண்கள் மணி வடிவில் பரவியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவ்வளவே. 61 கிலோ பறித்தவர் 34 கிலோ பறித்திருந்தாலும் சோதனையின் விடை மாறாது. அது தராசுப் பிழையானால் நன்மை. உண்மையில் ஒரு பெண் பாடுபட்டுப் பறித்ததானால், அவளுடைய 27 கிலோ காற்றில் போயிற்று! ஆலைக்குப் போய்ச் சேரும் கொழுந்தின் அளவை அறிய விரும்புவோர்க்கு மொத்தமும் சராசரியுமே வேண்டும். 165க்கும் 155க்கும் உள்ள வேற்றுமை அங்கே மெய். ஆளுக்கு இலக்கு வைப்போர்க்கு வேண்டியது வரிசை. வினா எதுவென்று கேளாமல் முறையைத் தேர்வது பயனற்றது.

மூவர்க்கு மூவர் என்று ஒப்பிடுவோர் இன்னொன்றையும் கருத வேண்டும். அங்கு வழிகள் 20 மட்டுமே. ஒரு குழு முழுவதும் மற்றதை வென்றாலும் இருபக்கமும் சேர்த்து நூற்றுக்கு 10க்குக் கீழே இறங்க வழியில்லை. ஆகவே இச்சோதனை அங்கே “வேறுபாடு உண்டு” என்று ஒருநாளும் சொல்லாது. அதைக் கொண்டு “இருவகைச் சரிவும் ஒன்றே, கூலியும் ஒன்றே” என்று எழுதுவோர், ஊமையைச் சாட்சிக்கு அழைத்து அவன் மறுக்கவில்லை என்று சாதிப்பவரே ஆவர்.

இக்குறை தெரிந்ததும் சிலர் எண்ணிக்கையைப் பெருக்கும் வழியொன்று காண்கின்றனர். அதே மூவரின் கொழுந்தை 20 நாள் நிறுத்து, 60 எண்கள் கிடைத்தன என்பர். குழுக்களுக்குள் ஒருவர் எண் மற்றவர் எண்ணைச் சாராதிருத்தல் இச்சோதனையின் உயிர்நாடி. சுறுசுறுப்பான ஒருத்தி இருபது நாளும் சுறுசுறுப்பாகவே இருப்பாள். மழை பெய்த நாளில் எல்லாக் கூடையும் ஒருங்கே குறையும். அறுபது எண்கள் இருந்தாலும் ஆட்கள் மூவரே. சரிவை ஒப்பிட வேண்டுமானால் நாட்களைக் கூட்டுவதால் ஆகாது. இன்னும் சில ஆட்களின் கூடையைத் தராசில் ஏற்ற வேண்டும்.