தோழமையும் மறைமொழியும்: ஓர் ஆங்கிலப் புதினம் பற்றிய ஆய்வு

மகளிர் தம்மைத் தாமே கண்டறிதலையும், தோழமையால் உள்ளப்புண் ஆறுதலையும் பொருளாகக் கொண்ட புதினங்கள் இன்று ஆங்கிலத்தில் தனியொரு வகையாகவே பெருகியுள்ளன. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. துயருற்ற பெண்ணொருத்தி பழகிய இல்லம் நீங்கிப் புதியதோர் இடம் சேர்வாள். ஆங்குத் தோழியரைப் பெற்றுத் தெளிவாள். இவ்வமைப்பினைச் செம்மையுறக் காட்டிய முன்னோடி நூல்களுள் ஒன்று, எலிசபெத் வான் ஆர்னிம் 1922இல் வெளியிட்ட 'தி என்சான்டட் ஏப்ரல்' என்பது. இனியதொரு பொழுதுபோக்கு நூலென்று கூறி அதனை ஒதுக்குவாரும் உளர். அவர் கருத்து எமக்கு உடன்பாடன்று.

இலண்டனில் மழை பெய்யும் ஒரு பிப்ரவரி நாள். மகளிர் மன்றமொன்றில் நாளிதழ் பார்க்கும் லாட்டி, இத்தாலியக் கடற்கரைக் கோட்டையொன்று ஏப்ரல் திங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும் என்னும் விளம்பரத்தைக் காண்கிறாள். அதுவரை ஒருமுறையேனும் உரையாடியிராத ரோஸ் என்பாளை அணுகித் தன் விருப்பத்தைக் கூறுகிறாள். வாடகை 60 பவுன். சுமையைப் பகிர்ந்துகொள்ள முதியவளான திருமதி பிஷரும், பேரழகியான சீமாட்டி கரோலினும் சேர்கின்றனர். லாட்டி செலவிடுவது தன் உடைச் செலவுப் பணத்திற் சிறுகச் சிறுகச் சேர்த்தது. ரோஸின் கணவனோ மன்னர்தம் காமக்கிழத்தியர் வரலாறுகளை எழுதிப் பொருளீட்டுபவன். சமயப் பற்றுடைய அவள் அப்பணத்திற்கு நாணி ஏழையர்க்கு வழங்குபவள். பொருளின்றி விடுதலை இல்லை என்பதை ஆசிரியர் ஓரிடத்தும் மறந்திலர்.

புண் ஆற்றுவது இடமே எனப் பலர் கருதுவர். மலரும் கடலும் வெயிலும் நூலெங்கும் நிறைந்துள்ளமை மெய்யே. எனினும் அவை முதலும் கருவுமே ஆம், உரிப்பொருள் ஆகா. இடமே மருந்தாயின் நால்வரும் வந்த அன்றே தெளிந்திருத்தல் வேண்டும். அவர்களோ அறைக்கும் தலைமைக்கும் பிணங்குகின்றனர். திருமதி பிஷர் நல்லதோர் அறையைத் தனக்கே உரியதாக்கிக் கொள்கிறாள். மாற்றம் லாட்டியிடமிருந்தே தொடங்குகிறது. தன் இல்லத்தில் அன்பை நிறுத்து அளந்து வந்தமை சிறுமை என உணர்கிறாள். அறிவுரை எதுவும் கூறாமலே பிறர் மகிழப்போவதை முன்னரே கண்டவள்போற் பேசுகிறாள்.

அங்ஙனம் உணர்ந்தவள் எக்கணவனிடமிருந்து ஓய்வு நாடி வந்தாளோ அக்கணவனையே அழைக்கிறாள். கண்டறிந்த தன்னை மீண்டும் இழந்தாள் என்று குறை கூறுவார் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஆசிரியர் கண்மூடி எழுதினார் அல்லர். வழக்குரைஞனான அவன் இன்முகம் காட்டுவது செல்வ மகளிர் தன் கட்சிக்காரர் ஆகலாம் என்னும் நசையாலும் ஆம் என்பதனை நகைச்சுவை படவே உரைக்கிறார்.

நூலின் உயிர்நிலை ரோஸின் கதையில் உள்ளது. அவளும் கணவனுக்கு மடல் விடுக்கிறாள். அவன் வருகிறான், அவள் நெஞ்சம் நிறைகிறாள். அவனோ மடலைக் கண்டிலன். புனைபெயரில் இலண்டனில் பழகிய கரோலினை நாடி வந்தவன் அவன்! மனைவி அங்கிருப்பதை வந்த பின்னரே அறிகிறான். கரோலின் நொடியில் யாவும் உணர்கிறாள். ஆயினும் அவனைக் காட்டிக் கொடுத்திலள்.

ஈண்டுத் தொல்காப்பியர் கூறும் அறத்தொடு நிற்றல் நினைவிற்கு வருகிறது. அதன் எழுவகையுள் உண்மை செப்பல் ஒன்றே. ஏத்தலும் ஏதீடும் தலைப்பாடும் பிறவும் ஏனைய ஆறு. தோழியின் அறம் உள்ளதை உள்ளவாறு கூறுதலோடு முடிவதன்று. இரு மரபுக்கும் தொடர்புண்டு என்று யாம் கூறவில்லை, வேறுபாடும் பெரிது. அகத்துத் தோழி தலைவியின் உள்ளம் அறிந்து, அவள் பொருட்டுப் பேசுகிறாள். கரோலினின் மௌனமோ தலைவி அறியாதது. பிறர் பார்வையால் சலிப்புற்று எவரையும் நோக்காதிருந்த அவள், மற்றொருத்தியின் இன்பத்தை முதன்முதலாகக் காக்கும் இடம் அது. அவள் தன்னைக் கண்டறிவது அம்மௌனத்திலேதான். இறுதியிற் கோட்டைக்கு உரியவனை அவளோடு இணைத்தது ஆசிரியரின் விரைவு, வேண்டாதது.

ரோஸ் தன்னைக் கண்டாளா? மற்ற மூவர்க்கும் அஃது இயன்றது; இவளுக்கு இன்பம் வாய்த்தது, அறிவு வாய்க்கவில்லை. ஆசிரியர் இவ்வேறுபாட்டைச் சுட்டிக் காட்டவுமில்லை, மூடி மறைக்கவுமில்லை. திங்கள் முடிந்து அனைவரும் கோட்டையை விட்டு நீங்கும்போதும் ரோஸ் அறியாதது அறியாததாகவே நிற்கிறது.