பாறையும் மூசையும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கிய காலத்தில், அக்குகை நாளடைவில் அணுக்கழிவின் புதைகுழியாகிவிடும் என்ற பீதி கம்பம் பள்ளத்தாக்கு எங்கும் பரவியிருந்தது. திட்டத்தில் அவ்வாறு ஏதும் இல்லை என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். ஆயினும், அக்கழிவு எந்த வடிவில் எங்கே போய்ச் சேரும் என்று விவசாயிகள் கேட்ட கேள்வி முற்றிலும் நியாயமானது.

தாராப்பூரில் 1985 முதலும் பின்னர் டிராம்பேயிலும், உயர் கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து, தூண்டல் சுருளால் சூடேறும் உலோக மூசையில் உருக்கி வந்திருக்கிறார்கள். அங்கே மூசையே சூட்டைத் தாங்க வேண்டியிருப்பதால் ஏறத்தாழ ஆயிரம் டிகிரிக்கு மேல் போவது அரிது. உலோகமும் விரைவில் அரிக்கப்படுகிறது. ஆஸ்திரேலியப் பேராசிரியர் ரிங்வுட் கழிவைப் பூட்டி வைப்பதற்காக 1978-இல் முன்வைத்த செயற்கைப் பாறை போன்ற படிகப் பதார்த்தங்களை உருக்கவோ இன்னும் பல நூறு டிகிரி வேண்டும். அப்படிகங்களின் மேன்மைக்கு நம் மண்ணிலேயே அத்தாட்சி உண்டு: மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட், தோரியத்தைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த உஷ்ணத்துக்கு வழி காட்டுவது குளிர்மூசை. நீரோடும் செப்புக் குழாய்களை வட்டமாக நிறுத்திய அதன் உள்ளே, உயர் அதிர்வெண் மின்காந்தப் புலம் பதார்த்தத்தையே நேராகச் சூடாக்குகிறது. சுவரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மட்டும் உறைந்து ஓடாகி, கொதிக்கும் உருகல் செம்பைத் தொடாதபடி தாங்குகிறது. பிரான்சின் லா ஹேக் ஆலையில் 2010 முதல் இம்முறை, கண்ணாடிக்காக, நடைமுறையில் உள்ளது.

தோஷங்களையும் மறைப்பதற்கில்லை. குளிர்ந்த ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே தொடக்கத்தில் உலோகத்துணுக்கு முதலியன இட்டுச் சூட்டை மூட்ட வேண்டும். குளிர்நீர் மின்னாற்றலில் கணிசமான பங்கைக் கொண்டுபோய்விடுகிறது. அனைத்திலும் கடியது, அத்தனை சூட்டில் சீசியம் ஆவியாகி வெளியேறுவது. அதைத் திரும்பப் பிடிக்கத் தனியே வாயுச் சுத்திகரிப்பு அமைக்க வேண்டும். படிகமோ, தன் கட்டமைப்பில் பொருந்தும் தனிமங்களையே ஏற்கும்; பலவும் கலந்த கழிவைக் கண்ணாடியைப் போல் உட்கொள்ளாது.

ஆகவே, எல்லாக் கழிவுக்கும் இதைப் பிரயோகிப்பது வீண் என்பதே என் அபிப்பிராயம். முதலில் பிரித்தெடுத்த புளூட்டோனியம், அமெரிசியம் போன்ற நெடுங்கால நஞ்சுகளுக்கே இப்பாறை தகும். சீசியத்தைக் கண்ணாடியிலேயே விட்டுவிடலாம். டிராம்பேயில் பிரித்த சீசியத்தைக் கண்ணாடிக் கோல்களாக்கி, இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தும் கருவிகளில் பயன்படுத்தும் நம் விஞ்ஞானிகளுக்கு இப்பிரிவினை புதிதன்று.

எவ்வளவு உறுதியான பாறையும் இறுதியில் ஓரிடத்தில் புதைக்கப்பட்டே தீர வேண்டும்; இந்தியாவில் அதற்கான ஆழ்நிலப் புதைவிடம் இன்றுவரை இல்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் முயற்சியை அணுசக்தித் துறை மக்கள் முன்னிலையில், அவர்கள் மொழியில், குழி தோண்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.