எபிக்டெட்டஸும் அறிகைசார் உளச்சிகிச்சையும்: பெற்றதும் விடுபட்டதும்

மனிதரைக் கலங்கச் செய்வன நிகழ்வுகள் அல்ல, அவை குறித்து அவர்கள் கொள்ளும் கருத்துகளே என்பது ஸ்டோயிக் மெய்யியலாளர் எபிக்டெட்டஸின் கொள்கை; மாணவர் ஆரியன் தொகுத்த ‘கைந்நூல்’ இதனைப் பதிவுசெய்துள்ளது. ஆல்பர்ட் எல்லிஸ் 1962இலும், ஆரன் பெக் குழுவினர் 1979இலும் வெளியிட்ட நூல்களில் ஸ்டோயிக் மரபுக்குரிய கடனை ஏற்கின்றனர். எனினும், அவர்கள் பெற்றது முறையியலை. விடுபட்டது அதன் அறவியல் அடித்தளம்.

வேலையிழந்த ஒருவர், இனித் தமக்கு வேலையே கிடைக்காது எனக் கருதினால், பெக்கின் முறை அவ்வெண்ணத்தைச் சான்றுகொண்டு சோதிக்கும். எபிக்டெட்டஸோ, வேலையிழப்பு தீமைதானா என்றே வினவுவார். அறமே நன்மை, பிற யாவும் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல என்பது அவர் நிலைப்பாடு. முன்னையது துயர்தணிப்பை நாடுகிறது. பின்னையது வாழ்வின் மதிப்பீட்டையே மாற்ற முனைகிறது. ஸ்டோயிக் மெய்யியலைச் சிகிச்சையின் முன்வடிவமாக மட்டும் வாசிப்பது இவ்வடிப்படை வினாவை மறைத்துவிடுகிறது.